விலை பேசப்படாத மலர்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் மலர் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது சந்தையே. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் மல்லிகையும் கனகாம்பரமும் செவ்வந்தியும் சம்பங்கியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன; தராசில் ஏறுகின்றன; முகூர்த்த நாளில் ஒரு விலையும் மற்ற நாளில் ஒரு விலையுமாகக் கைமாறுகின்றன. கோயில் பீடம், மணமாலை, கல்லறை என எங்கெங்கும் இம்மலர்களே நம்மோடு வருகின்றன. இவற்றை விளைவித்துப் பறித்துத் தொடுக்கும் கரங்களால் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன.

எனினும் இம்மண்ணில் பூப்பவற்றுள் சந்தையைக் காண்பவை மிகச் சில. வரப்போரத்திலும் கண்மாய்க் கரையிலும் கரட்டுச் சரிவிலும், யாரும் விதைக்காமல், யாரும் நீர் விடாமல் மலர்ந்து உதிர்பவையே மிகப் பல. அவற்றுக்கு விலை இல்லை. ஆதலால் நம் கண்ணில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆனால் அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றைத் தேடி நடந்து, பெயர் கேட்டு, நாளும் இடமும் குறித்து வைத்தவர்களின் வரலாறே அது. அவ்வரலாற்றில் நம் திருச்சபையின் துறவியர் சிலருக்கும் சிறப்பான இடம் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

நம் நிலத்தின் இளவேனில்

ஐரோப்பிய நாடுகளில் இளவேனில் பிறந்ததும் மக்கள் காடுகளை நோக்கி நடப்பது நெடுநாள் வழக்கம். அங்கே குளிர்காலத்தில் இலையுதிர்த்து நின்ற மரங்கள் மீண்டும் தழைத்து நிழல் மூடுவதற்கு முன்பாக, தரையில் விழும் சில வார வெயிலைப் பயன்படுத்திச் சிறு செடிகள் அவசரமாகப் பூத்து முடிக்கின்றன. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் மறு ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஆகவே அது நடைக்கு உரிய காலமாயிற்று.

நம் திண்டுக்கல் சமவெளியில் இவ்வொழுங்கு வேறு விதமாக அமைந்திருக்கிறது. இங்கே மலரின் பருவம் ஒன்றன்று, இரண்டு. முதலாவது மரங்களின் பருவம். மாசி, பங்குனியில் நிலம் காய்ந்து காடு இலையின்றி நிற்கும் வேளையில் இலவும் புரசும் வெறுங்கிளைகளில் செந்நிறம் கொள்கின்றன. வறண்ட குன்றுச் சரிவுகளில் கோங்கிலவு பெரிய மஞ்சள் மலர்களைத் தாங்குகிறது. அடுத்து வேம்பும் புங்கும் பூக்கின்றன; சித்திரையில் கொன்றை சரம் சரமாகத் தொங்குகிறது. நாம் தவக்காலத்தில் நோன்பு நோற்கும் அந்நாள்களில்தான் மரங்கள் இலைகளையெல்லாம் துறந்துவிட்டு மலர்கின்றன.

இரண்டாவது சிறு செடிகளின் பருவம். சமவெளியின் தரைக்கு உண்மையான இளவேனில் வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. அப்போது பொட்டல் என்று நாம் கைவிட்ட நிலத்தில் தும்பை வெளுக்கிறது. நெருஞ்சி மஞ்சள் விரிக்கிறது. விஷ்ணுகிரந்தி ஒரு நெல்மணியைவிடச் சற்றே அகன்ற நீலப் பூவைக் காட்டுகிறது. ஓரிதழ்த்தாமரையும் அக்காலத்ததே. அதன் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அப்பூவுக்கு இதழ்கள் ஐந்து. ஆனால் நான்கு மிகச் சிறுத்து, ஒன்று மட்டும் அகன்று இளஞ்சிவப்பாக விரிந்திருக்கும். குனிந்து பார்த்த ஒருவரே அப்பெயரை இட்டிருக்க முடியும். ஐரோப்பியர் இளவேனிற் காடுகளில் தேடிச் செல்லும் வயலட் மலர்கள் எக்குடும்பமோ அக்குடும்பத்தைச் சேர்ந்ததே நம் வரப்போரத்து ஓரிதழ்த்தாமரையும் என்று தாவரவியலார் கூறுவர். அவர்கள் காதவழி நடந்து தேடுவதன் உறவினத்தை நாம் அன்றாடம் மிதித்துச் செல்கிறோம்.

கண்டவரும் எழுதியவரும்

தமிழர் மலரை அறியாத மக்கள் அல்லர். நிலத்தையும் அதன் ஒழுக்கத்தையும் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என மரஞ்செடிகளின் பெயராலேயே வகுத்த இனம் நம் இனம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை நிரலாகப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அவற்றுள் பலவற்றை இன்றைய நம் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட முடியாது. பெயர் ஏட்டில் நிலைத்தது; பூவையும் பெயரையும் இணைத்த பார்வை இடையில் அறுந்தது.

அவ்விணைப்பை வேறொரு முறையில் மீண்டும் தொடங்கியவர்கள் கடல் கடந்து வந்தோர். கொச்சியில் டச்சுக்காரர் ஆட்சியில் உருவாகி 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூலின் தொடக்கப் பணியில் கார்மேல் சபைத் துறவியான புனித யோசேப்பின் மத்தேயு என்பவருக்குப் பங்கு உண்டு. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரின் அறிவும் அந்நூலுக்கு அடிப்படையாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ், உப்சாலா நகரைச் சுற்றியுள்ள வயல்வெளிகளில் மாணவர்களை அழைத்துக்கொண்டு குறித்த தடங்களில் நடந்து செடிகளைக் கற்பித்தார். நம் செங்காந்தளுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ‘குளோரியோசா சுபெர்பா’ என்ற இலத்தீன் பெயரை 1753-இல் இட்டவர் அவரே. மாட்சியும் பெருமிதமும் உடையது என்பது அதன் பொருள். அவருடைய மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து, நடந்து தொகுக்கும் அப்பழக்கத்தைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார். அதே தரங்கம்பாடியில் பணி தொடங்கிய லூத்தரன் சபைப் போதகர் ராட்லர் செடிகளையும் திரட்டினார். தமிழ்ச் சொற்களையும் திரட்டி ஓர் அகராதி ஆக்கினார். செடியும் சொல்லும் ஒரே மனிதரின் கையில் சேர்ந்தது தற்செயல் அன்று. இரண்டையும் காப்பது பெயர்தான் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

ராட்லர் மறைந்த 1836-ஆம் ஆண்டிலேதான் இராபர்ட் வைட் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர் பழனி மலைக்குச் சென்று அதன் செடிகொடிகளை ஆராய்ந்தார். வைட்டின் நூல்களுக்குச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். ஆர்க்கிட் குடும்பத்துப் பேரினம் ஒன்றுக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பின்வந்த ஆய்வில் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆயினும் கூலிக்கு வரைந்த ஒரு நாட்டு ஓவியரின் கண்ணுக்கும் கைக்கும் அறிவுலகம் செலுத்திய நன்றியாக அது நினைக்கத்தக்கது.

செண்பகனூரின் துறவியர்

இந்நடையைப் பயணமாகக் கொள்ளாமல் வாழ்க்கையாகவே கொண்டவர்கள் செண்பகனூர்த் துறவியர். கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் இயேசு சபையினரின் திருஇருதயக் கல்லூரி 1895-இல் நிறுவப்பெற்றது. இளந்துறவியர் பயிலும் அவ்வில்லத்தைச் சுற்றிச் சோலைக்காடும் புல்வெளியும் பரந்திருந்தன. பாடம் நடத்திய தந்தையர் ஓய்வுநேரங்களில் அக்காட்டுக்குள் நடந்தனர். அவ்வாறு நடந்தவர்களின் சேகரிப்பிலிருந்துதான் இன்றும் மக்கள் சென்று காணும் செண்பகனூர் அருங்காட்சியகம் வளர்ந்தது.

அருள்தந்தை கோம்பெர் பழனி மலைக் காடுகளின் ஆர்க்கிட் செடிகளைத் திரட்டி அவற்றுக்கென ஒரு தோட்டமே அமைத்தார். அருள்தந்தை ஆங்லாட் மலையின் மலர்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். அருள்தந்தை ஃபோரோ, எம்மலரும் தராத மரப்பாசிகளின் பக்கம் திரும்பினார். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவரது பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஏட்டில் வெளிவந்தது. அழகிய மலரை எவரும் நோக்குவர். பூவாப் பாசியை ஆண்டுக்கணக்கில் நோக்குவதற்கு வேறொரு வகையான அன்பு வேண்டும்.

இத்தந்தையர் காலத்தில் மாநிலக் கல்லூரிப் பேராசிரியராய் இருந்த ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிய நூலை 1915 தொடங்கி வெளியிட்டார். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரக் களஞ்சியமும் 1915-இல் தொடங்கி 1936-இல் நிறைவுற்றது. அவையெல்லாம் பெருநூல்கள். எனினும் ஆண்டு முழுவதும் ஓரிடத்திலேயே தங்கி, அதே பாதையில் மழையிலும் வெயிலிலும் மறுபடி மறுபடி நடந்தவர்களின் அறிவுக்குத் தனி மதிப்பு உண்டு. சென்ற ஆண்டு இங்கே பூத்தது இவ்வாண்டு ஏன் பூக்கவில்லை என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்களே.

திருச்சியிலிருந்து ஒரு நடைநூல்

இம்மரபின் கனியாக வந்தவர் அருள்தந்தை கே. எம். மத்தேயு. கேரளத்தில் 1930-இல் பிறந்து 2004-இல் மறைந்த இந்த இயேசு சபைத் துறவி, திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை நிறுவினார். அக்கல்லூரியில் தாவரவியலுக்கு உழைத்த பிரெஞ்சு நாட்டு அருள்தந்தை ஆல்பிரட் ராபினாட்டின் நினைவாக அப்பெயர் இடப்பட்டது.

உலர்தாவரத் தொகுப்பகம் என்பது யாது? பூவும் இலையும் கூடிய ஒரு கிளையைப் பறித்துத் தாளிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, எந்த நாளில், எவ்விடத்தில், யாரால் பறிக்கப்பட்டது என்று மூலையில் எழுதி அடுக்கி வைக்கும் இடம். ஒவ்வொரு தாளும் ஒரு சாட்சி. இன்ன நாளில் இன்ன குன்றில் இச்செடி உயிரோடு நின்றது என்று அது நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சொல்லும்.

சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன் முதலிய மலைகளும் அவற்றைச் சூழ்ந்த சமவெளிகளும் அடங்கிய நிலப்பரப்பை ஆராய்ந்து, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரக் களஞ்சியத்தை மத்தேயு அடிகள் 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஆனால் எளிய வாசகருக்கு அதைவிட நெருக்கமான நூல் ஒன்று உண்டு. அது 1991-இல் வெளிவந்த நடுத் தமிழ்நாட்டின் உலாத் தாவரநூல். நூலகத்தில் கிடக்கும் பல தொகுதிகளைக் கையில் ஏந்தி நடக்க முடியாது. எனவே செடியின் அருகே நின்றே பிரித்துப் பார்த்துப் பெயர் அறியும்படி சுருக்கமாக ஒரே நூலாக அதனை ஆக்கினார். ஐரோப்பாவில் வயல்வெளி நடைக்கென்றே இத்தகைய நூல்கள் இயற்றும் வழக்கம் உண்டு. அவ்வழக்கம் நம் நிலத்துக்கும் வந்தது. திருச்சியின் வறண்ட சமவெளியில் பூப்பவற்றுள் பல நம் வேடசந்தூரிலும் வடமதுரையிலும் பூப்பவையே. ஆகையால் நமக்கும் அந்நூல் உறவானது.

1999-இல் பழனி மலைத் தாவரக் களஞ்சியம் வெளிவந்தது. திண்டுக்கல் நகரிலிருந்து தென்கிழக்கே நோக்கினால் நீலச் சுவராகத் தோன்றும் சிறுமலைக்கும் ஒரு கையடக்க நூல் உண்டு. ஜே. எம். பள்ளித்தானம் எழுதிய அந்நூலை ராபினாட் தொகுப்பகம் 2001-இல் வெளியிட்டது. சிறுமலை வாழைப்பழத்தை அறியாதார் இல்லை. அவ்வாழை நிற்கும் மலையின் மற்றச் செடிகளுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

தாள், தூரிகை, நிழற்படம்

மலரைப் பிடித்து வைக்க மனிதன் மூன்று வழிகளைக் கண்டான். உலர்ந்த தாள் செடியையே காக்கிறது. ஆனால் நிறத்தை இழந்துவிடுகிறது. செங்காந்தளின் தீச்சுடர் தாளில் பழுப்பாகிப் போகும். தூரிகை நிறத்தையும் உறுப்புகளின் அமைப்பையும் காக்கிறது. ஓவியர் தேவையற்றதை நீக்கித் தேவையானதைத் தெளிவாகக் காட்ட முடியும். அதனாலேயே நிழற்படம் வந்த பின்னும் தாவர நூல்களில் கோட்டோவியம் நீங்கவில்லை. நிழற்படமோ மற்ற இரண்டும் தராத ஒன்றைத் தருகிறது. பூ எந்தப் பாறையின் அருகில் நின்றது, எந்தப் புல் சூழ்ந்திருந்தது, எந்த வண்டு வந்து அமர்ந்தது என்ற முழுக் காட்சியை, பறிக்காமலே, செடிக்கு ஊறின்றித் தருகிறது.

இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் நிழற்படக் கருவி இருக்கிறது. ஆனால் கையில் கருவி இருப்பதால் மட்டும் பதிவு உண்டாகிவிடாது. செண்பகனூர்த் துறவியரின் தாளுக்கு மதிப்புத் தந்தது மூலையில் எழுதிய அந்த நாளும் இடமுமே. அவை இல்லாத அழகிய படம் வாழ்த்து அட்டைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. படத்தை எடுப்போர் இலையையும் காயையும் சேர்த்து எடுத்து, நாளையும் ஊரையும், அவ்வூரார் வழங்கும் பெயரையும் குறித்து வைத்தால் அவர்களும் அந்த நெடிய வரிசையில் ஒருவர் ஆவர்.

பதிவு சொல்லும் செய்தி

இத்தனை உழைப்பினால் விளைந்த பயன் யாது என்று கேட்கலாம். குறித்து வைத்தவர்கள் இருந்ததனால்தான் எதை இழந்தோம் என்பதை நாம் அறிகிறோம். கொடைக்கானலில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய செடிகளைப் பற்றி மத்தேயு அடிகள் எழுதிய நூல் 1969-இலேயே வெளிவந்தது. தோலுக்குப் பதம் தரவும் விறகுக்கும் எனப் பழனி மலைப் புல்வெளிகளில் நட்ட வேட்டல் மரமும், தைலமரமும், பைனும் அப்புல்வெளிகளை விழுங்கின. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி காடெங்கும் புதராயிற்று. இன்று மலையேறும் ஒருவர் கண்டு மகிழும் மலர்களுள் எது இம்மண்ணுக்கு உரியது, எது வந்தேறியது என்பதைப் பழைய பதிவின்றி எவரும் சொல்ல இயலாது.

குறிஞ்சியின் கதையும் அவ்வாறே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து மடியும் அச்செடி 1970, 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலர்ந்தது. இனி 2030-இல் மலர வேண்டும். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஐந்தாறு முறையே காணக்கூடிய பூப்பு அது. முன்னோர் எழுதி வைத்தாலன்றி அதன் கணக்கு நிலைபெறாது. குறிஞ்சியின் புல்வெளிகள் குறைவதைக் கண்டு வருந்தியோர் 1989-இல் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தே சென்று மக்களின் கவனத்தை ஈர்த்தனர். மலரைக் காண நடந்த நடை மலரைக் காக்க நடந்த நடையாக மாறியது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு 1985-இல் தோன்றியது; கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது.

சமவெளிக்கு இத்தகைய நல்வாய்ப்பு மிகத் தாமதமாகவே வந்தது. மலைக்குச் செல்வோர் திண்டுக்கல்லின் முட்காட்டைக் கண்ணெடுத்தும் பாராமல் கடந்தனர். உசிலும் வெள்வேலும் கிளுவையும் நிற்கும் அக்காடு, விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் அன்றி வேறொன்றுக்கும் ஆகாதது என்று எண்ணப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு, திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. பயனற்றது என ஒதுக்கிய முட்காடு ஓர் அரிய உயிரின் வீடு என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அம்மரங்களின் பூவும், பூவைத் தேடும் பூச்சியும், பூச்சியை உண்ணும் தேவாங்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்.

செங்காந்தள் மற்றொரு பாடம் சொல்கிறது. வேலியில் தானே படர்ந்த அக்கொடியை ஒட்டன்சத்திரம் பக்கத்தில் உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரால் பயிரிட்டு, மருந்துக்காக அதன் விதையை விற்கிறார்கள். காட்டுப் பூ ஒன்று விலை பெற்றதும் அனைவர் கண்ணிலும் பட்டது. விலை பெறாத மற்றவை என்ன ஆகும்?

கற்றுக்கொள்ளும் பார்வை

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் வயல்வெளி மலர்களைக் காட்டிப் பேசும் பகுதியை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். கவலை வேண்டா என்பதற்கான உவமையாகவே அதனைக் கொள்கிறோம். ஆனால் கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் வினைச்சொல் வெறுமனே பார்ப்பதைக் குறிப்பதன்று. நன்றாகக் கற்று அறிந்துகொள்வதைக் குறிப்பது. ஆங்லாட்டும் ஃபோரோவும் மத்தேயு அடிகளும் அச்சொல்லை அதன் முழுப் பொருளில் ஏற்று வாழ்ந்தார்கள் என்று சொல்வது மிகையாகாது.

அதற்கு மலையேற வேண்டியதில்லை. நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஏரும் உழவும் புகாத, கட்டடம் எழாத அந்நிலங்களில் சமவெளியின் சிறு செடிகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஐப்பசியில் வருகிறது; தும்பையும் விஷ்ணுகிரந்தியும் ஓரிதழ்த்தாமரையும் பூக்கும் பருவமும் அதுவே. அந்நாளுக்கு முந்திய வாரத்தில் மண்வெட்டியால் எல்லாவற்றையும் செதுக்கி எறிந்துவிட்டு, சந்தையில் வாங்கிய செவ்வந்தியைக் கல்லறைமேல் பரப்புகிறோம். இறந்தோர்க்கு மலர் இடுவது நற்செயல். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் கல்லறைகளையும் நடைபாதையையும் துப்புரவு செய்து, ஒரு மூலையை மட்டும் மார்கழி வரை விட்டுவைத்தால் அச்செடிகள் விதை முற்றி உதிர்ந்து மறு ஆண்டும் முளைக்கும். மறைக்கல்வி மாணவர்களை அங்கே ஒரு மாலை அழைத்துச் சென்று, எத்தனை பூக்கள், என்னென்ன பெயர்கள் என்று பாட்டிமார்களிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அப்பட்டியலில் நாளையும் ஊரையும் குறிக்க மறக்க வேண்டா. ஐம்பது ஆண்டு கழித்து அதனைப் படிப்பவர் ஒருவர், இப்பூக்கள் இங்கே இருந்தன என்றோ, இன்னும் இருக்கின்றன என்றோ சொல்லக்கூடும். இரண்டில் எதை அவர் சொல்வார் என்பது நம் மண்வெட்டியைப் பொறுத்தது.